குடை இருக்கிற பக்கம்

இளநீரைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. துளசிமணி அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் ஷட்டரை ஒட்டிய கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே மஞ்சள் குடை, ஷட்டர் கம்பியில் நாடா போட்டுக் கட்டி நிறுத்தியது. அவர்கள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்று எஸ்தர் வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு அறையில், மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, நின்றுகொண்டே சொன்னாள். பேசக் கூடாது, தொடக் கூடாது, யார் வழியையும் மறிக்கக் கூடாது, கொடுத்தால் வாங்கக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும், பார்க்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும், பார்க்கிற கண் ஒன்று இருந்தால் ஓங்கின கை பாதியில் நின்றுவிடும். நல்ல பேச்சுத்தான், கேட்கும்போது நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் அந்த 'அவர்கள்' சொந்த அண்ணன் மகனாக இருந்தால் என்ன செய்வது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. துளசிமணியும் கேட்கவில்லை, அப்போது நவநீதன் இந்தப் பச்சைச் சட்டைக் கூட்டத்தில் சேர்ந்திருக்கவில்லையே. இன்றைக்கு அவன் காயைச் சீவி, ஓட்டையின் விளிம்பை விரலால் துடைத்து, ஸ்ட்ராவைக் குத்தி, வெயிலாக் கெடக்குதுங்கத்தே குடிங்க என்று நீட்டுகிறான். வாங்காமல் எப்படி இருப்பாள், வாங்கினாள். அவள் வாங்கிய பிறகுதான் அவன் அந்தப் பேச்சைச் சொன்னான்.

"நீங்க எங்க உக்கார்றீங்கன்னு பாத்துட்டுத்தானுங்கத்தே நாங்க எறங்கறது," என்றான். "கோயில் கரட்டு மேட்டுல இருந்து பாத்தா மஞ்சக் குடை பளிச்சுனு தெரியுதுங்க. எங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

சொன்னதில் ஒரு வஞ்சகம் இல்லை. பஸ் இன்றைக்கு நேரத்துக்கு வந்துவிட்டது என்று சொல்வார்களே, அந்த மாதிரி சொல்லிவிட்டு, புளியமரத்தடியில் பைக்கோடு நின்ற மற்ற மூன்று பேரிடம் போய்விட்டான். போனவன் போய்விட்டான், சொன்னது போகவில்லை. காதுக்குள் உட்கார்ந்துகொண்டு மாவு மில் மோட்டார் மாதிரி ஓடுகிறது. பளிச்சுனு தெரியுதுங்க. தெரியாமல் என்ன, தெரியத்தானே மஞ்சளில் வாங்கியது. எஸ்தர் முதலில் நீலம் என்றாள், துளசிமணிதான் தோப்பு நிழலிலிருந்து பார்த்தால் நீலம் எடுபடாது, மஞ்சளே இருக்கட்டும் என்றாள். எல்லாரும் அக்காவுக்கு என்ன ரோசனை பார் என்று மெச்சினார்கள். வாய்க்காலுக்கு அக்கட்டால தோப்பு, தோப்புக்கு அக்கட்டால கேரளா. தோப்புக்குள்ளே நார் மில்கள், மில்லை ஒட்டி லைன் வீடுகள், அதில் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து மட்டை அடிக்கிற சனம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவர்களுக்கு வெளியே வர வழி. சந்தைக்கு, டாக்டருக்கு, ஊருக்குப் பணம் போட என்று இந்த வாய்க்காலைத் தாண்டித்தான் வர வேண்டும். போன வருஷம் பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறான் என்று எந்தப் புண்ணியவானோ போனில் ஒரு படத்தைக் கிளப்பிவிட்டான். அன்றிலிருந்து ஊர்ப் பையன்கள் பச்சைச் சட்டை அடித்துக்கொண்டு, எல்லைக் காப்புக் குழு என்று முதுகில் போட்டுக்கொண்டு, தாண்டி வருகிறவனை எல்லாம் நிறுத்தி ஆதாரை எடு என்கிறார்கள். ஆதார் மில் முதலாளியின் இரும்பு பீரோவில் இருக்கிறது. அவன் எங்கே போய் எடுப்பான். பேந்தப் பேந்த விழிப்பான், விழித்தால் கன்னத்தில் ஒன்று. கையில் தடி வேறு, கேட்டால் பாம்புக்கு என்பார்கள்.

அதற்காகத்தான் இந்தக் குடை. குடை இருக்கிற பக்கம் ஆள் உட்கார்ந்திருக்கும், பார்க்கிற ஆள், போனில் பிடிக்கிற ஆள், அந்தப் பக்கமாகத் தாண்டுங்கள் என்று லைன் வீடு லைன் வீடாகப் போய் எஸ்தர் இந்தியில் சொல்லி வைத்தாள். காப்புக் குழு ஒரே இடத்தில் வந்து காத்து நிற்கக் கூடாதென்று வாரத்துக்கு ஓர் இடம், ஒரு ஞாயிறு ஷட்டர், ஒரு ஞாயிறு கீழ்மதகு, ஒரு ஞாயிறு பம்ப் ஹவுஸ். லைன் வீட்டுக்காரர்கள் தோப்பு ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள், மஞ்சள் எங்கே தெரிகிறதோ அங்கே நடப்பார்கள். அப்படியும் ஒவ்வொரு வாரமும் இந்தப் பையன்கள் சரியாக அங்கேயே வந்து இறங்கினார்கள். யாரோ போட்டுக் கொடுக்கிறார்கள் என்று எஸ்தர் சொன்னாள். ஆமாம், யாரோ கூடவே இருந்து குழி பறிக்கிறார்கள் என்று துளசிமணியும் சொன்னாள். யார் யார் என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் குடையோடு தங்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுகிற ஆட்டோக்காரர் சின்னராசு மேல் சந்தேகப்பட்டு அவரைக் கூப்பிடுவதையே நிறுத்தினார்கள். பாவம் மனுசன், என்ன தப்புப் பண்ணினேன் என்று அவளுடைய மாவு மில் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார், அவள் மோட்டார் சத்தத்தைச் சாக்கு வைத்துக்கொண்டு காதில் விழாத மாதிரி இருந்தாள். தலைக்கு மேலே இத்தனை பெரிய மஞ்சளை விரித்து வைத்துக்கொண்டு, யாரடா காட்டிக் கொடுப்பது என்று தரையெல்லாம் தேடியிருக்கிறோம். அடக் கெரகமே. வெட்கமாக இருந்தது, வெட்கம் கழுத்து வரைக்கும் சூடாக ஏறியது. இளநீர் மடியில் சில்லென்று இருந்தது.

அப்படியென்றால் ஏத்வா. நினைப்பு அங்கே போகக் கூடாது என்று அவள் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தாள். அணையில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு மண் நிறத்தில் போகிறது, ஷட்டருக்கு அடியில் உறுமுகிறது. ஆனால் நினைப்பு அங்கேதான் போனது. போன மாதம் கீழ்மதகில் இதே குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். நார் மில்லில் மட்டை அடிக்கிற ஏத்வா தோப்பிலிருந்து வந்தான், வேறு எங்கேயும் பார்க்காமல் நேராகக் குடையைப் பார்த்துக்கொண்டே வந்தான், லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான். மதகுத் திண்டுக்குப் பின்னாலிருந்து இவர்கள் எழுந்தார்கள். அதில் தேவராசு என்கிறவன்தான் அடித்தான், தடியைக் குறுக்கே பிடித்து, கையைத் தூக்கி மறித்தவனின் முழங்கைக்குக் கீழே. எலும்பு முறிகிற சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. ஏத்வா கத்தவில்லை, குடையைப் பார்த்தான், குடைக்குக் கீழே அவளைப் பார்த்தான். அவள் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், சொல்லிக் கொடுத்தபடியே. கை நடுங்காமல் பிடிச்சிருக்கீங்கக்கா, கேஸுக்கு இது போதும் என்று எஸ்தர் அன்று ராத்திரி தோளைத் தட்டினாள். நல்லவேளை நான் அங்கே இருந்தேன் என்றுதான் இந்த ஒரு மாதமும் துளசிமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், மாவு சலிக்கும்போது சொன்னாள், படுக்கும்போது சொன்னாள். நல்லவேளையா? அவள் அங்கே இல்லாவிட்டால் அவன் அங்கே வந்திருக்கவே மாட்டான். அவள் அங்கே இல்லாவிட்டால் இவர்களும் வந்திருக்க மாட்டார்கள். இரண்டு பக்கத்து ஆளையும் ஒரே இடத்துக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, போனைப் பிடித்து வேடிக்கை பார்த்தவள் அவள்தான்.

இன்றைக்கும் அவன் வருவான். எலும்பு டாக்டர் டவுன் கிளினிக்குக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறார், மாவுக்கட்டை வெட்டி எடுக்க வரச்சொல்லியிருக்கிறார். அவனைப் போகச் சொன்னதும் இவள்தான், வழி சொன்னதும் இவள்தான். அவன் பெண்டாட்டி பூலோ மாவு மில்லுக்கு வந்திருந்தாள், எப்போதும் போல வறுத்த கடலையோடு. முதன்முதலில் அவள் அந்தக் கடலையைக் கொண்டு வந்தபோது இதையெல்லாம் அரைத்து என்ன செய்வார்கள் என்று துளசிமணி சிரித்தாள், அரைத்ததும் கிளம்பிய வாசத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பூலோ ஒரு கை மாவில் உப்பும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து உருட்டி நீட்டினாள், இரண்டு பேரும் மில் படியில் உட்கார்ந்து தின்றார்கள். பாஷை கிடையாது, தேவையும் படவில்லை. மோட்டார் ஓடுகிற இடத்தில் யாருக்குத்தான் பாஷை இருக்கிறது. விரலைத் தேய்த்துக் காட்டினால் நைசாக, கையைக் குவித்தால் குருணை, உள்ளங்கையைக் காட்டினால் சித்த நேரம் பொறு, இரண்டு கையையும் குறுக்கே வைத்தால் கரண்ட் இல்லை, போய்விட்டு வா. அந்தப் பாஷையில்தான் ஞாயிறு, ஷட்டர், குடை எல்லாம் பேசினார்கள். பூலோ அரைகுறைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தாள். "மஞ்ச குடை, அக்கா இருக்கு. பயம் இல்ல," என்றாள். துளசிமணி ஆமாம் என்று தலையாட்டினாள், என்ன தெம்பாக ஆட்டினாள். ஒரு கட்டு வெட்டத்தானே, போய்விட்டு வந்துவிடலாம் என்று இருந்தது.

புளியமரத்தடியில் தேவராசு செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்து எல்லாம் கூடி வந்திருந்தது, இந்தக் கேஸால் போலீஸ் சான்றிதழ் நின்றுபோய் விசா தொங்குகிறது. கொஞ்சம் முன்னால் அவன் பேசியது காற்றில் வந்து விழுந்தது. அந்தக் கட்டுக்கையன் இன்னைக்கு வருவான், டாக்டர் வர்ற நாள், வந்தாப் பேசிக்கணும் என்றான். பேசிக்கணும் என்றால் என்னவென்று துளசிமணிக்குத் தெரியாதா. நவநீதனிடம் போன வாரமே, வீட்டில் வைத்து, எஸ்தருக்குத் தெரியாமல், சாமி அந்த ஆளை விட்டுருங்கடா என்று சொல்லிப் பார்த்தாள். நாங்க என்னுங்கத்தே பண்ணப்போறோம், கேஸை வாபஸ் வாங்கிக்கன்னு சொல்லப்போறோம், கேட்டான்னா அவன் பொழைப்பை அவன் பார்க்கட்டும் என்றான். கேட்காவிட்டால் என்று அவள் கேட்கவில்லை, அவன் தட்டில் இருந்த தோசையைப் பிய்த்தான். இவன் கெட்டவன் கிடையாது, அதுதான் தொல்லை. மாவு மூட்டைகளின் மேல் படுத்துத் தூங்கி வளர்ந்தவன், இமையெல்லாம் வெள்ளையாக எழுந்து வந்து அத்தே பசிக்குது என்பான். நார் மில்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான், வடக்கத்தியான் பாதிச் சம்பளத்துக்கு வந்தான் என்று நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினது முதலாளி, ஆனால் முதலாளியை வாய்க்கால் மேட்டில் மறித்து ஆதார் கேட்க முடியுமா. அவளுக்கு முட்டி தேய்ந்துபோனதில் இருந்து மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவன் அவன்தான். போன நோம்பிக்குக் கோயில் பந்தியில் பேச்சு மும்முரத்தில் மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள், சாப்பிட்டு முடித்து எழுந்திரிக்க முடியவில்லை. இவன் ஒரு பக்கமும் பரிமாறின ஆள் ஒரு பக்கமும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள், ஒரு ஆளால் ஆகவில்லை. ஊரே பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து தரை என்றால் அவளுக்குப் பயம், நாற்காலி இல்லாத வீட்டுக்கு விசேஷத்துக்கே போவதில்லை.

என்ன செய்வது, ஏதாவது செய்ய வேண்டும். போன் இருக்கிறது, இருந்து என்ன, இந்த ஷட்டர் பள்ளத்தில் ஒரு நிமிஷம் தமிழ்நாட்டு டவர், ஒரு நிமிஷம் கேரளா டவர், முக்கால்வாசி நேரம் எதுவுமே இல்லை. எஸ்தருக்கு அடித்தாள், மணியே போகவில்லை, பாதியில் அறுந்துவிட்டது. ஏத்வா போனுக்கு அடித்தாலும் இவள் தமிழ் அவனுக்குப் புரியாது. எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடலாமா, பம்ப் ஹவுசுக்குப் போகலாமா. குடையோடு போனால் இவர்களும் பின்னாலேயே வருவார்கள், அவனும் அங்கேயே வருவான், கூத்து இடம் மாறும், அவ்வளவுதான். குடையை இங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் போனால்? குடையைப் பார்த்து அவன் வருவான், பார்க்க ஆள் இருக்காது. கையால் ஜாடை காட்டினால், இரண்டு கையையும் குறுக்கே வைத்தால், பூலோவுக்குப் புரியும், கரண்ட் இல்லை போய்விட்டு வா. ஆனால் அந்தப் பாஷையை நவநீதன் அவளுக்கு முன்னால் படித்தவன், பால்குடி மறந்ததிலிருந்து அந்த மில்லில் கிடந்தவன், அத்தை யாருக்குடா கரண்ட் இல்லேங்கறா என்று அடுத்த நொடி தோப்பைத் திரும்பிப் பார்ப்பான். மனசுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாள், எந்தப் பக்கம் போனாலும் அந்த மஞ்சள்தான் வந்து நின்றது. அவனும் குடையைத்தான் பார்க்கிறான், இவர்களும் குடையைத்தான் பார்க்கிறார்கள். குடை. அட, இவர்கள் கரட்டிலிருந்து பார்த்தது குடையை, ஆனால் இறங்கி வந்த பிறகு இவர்களுக்குக் குடை எதற்கு, அத்தை போதுமே. அத்தை இங்கே உட்கார்ந்திருக்கிற வரைக்கும் இவர்கள் இங்கேதான் நிற்பார்கள். ஆனால் தோப்பு ஓரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அத்தை தெரியாது, மஞ்சள் மட்டும்தான் தெரியும். மஞ்சள் இல்லாவிட்டால் அவன் வரமாட்டான்.

இளநீரைச் சுவரில் வைத்தாள். நாடா முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்து இழுத்தாள். குடை மடங்குகிற சத்தம் ஊருக்கே கேட்ட மாதிரி இருந்தது, ஆனால் மரத்தடியில் யாரும் திரும்பவில்லை, போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குடையைக் காலுக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். வெயில் உச்சந்தலையில் கை வைத்தது. வைக்கட்டும், எனக்கு வேண்டியதுதான். வகிட்டில் எரிந்தது, காதோரம் வியர்வை இறங்கிக் கழுத்துச் சங்கிலிக்கு அடியில் நின்றது. சந்தோஷமாக இருந்தது, சொன்னால் பைத்தியம் என்பார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்க்காமலே பார்த்தாள். தென்னை மரத்துக்கு அடுத்துத் தென்னை மரம், நிழலுக்குள் நிழல், மட்டை காய்கிற புளிப்பு வாடை. இப்போது வந்திருப்பார்கள், ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்திருப்பார்கள், எங்கேயடி குடை என்று ஏத்வா கேட்டிருப்பான், அக்கா வரவில்லை போலிருக்கிறது, வா போகலாம், கட்டு இன்னொரு வாரம் இருந்தால் என்ன கரைந்தா போகும் என்று பூலோ சொல்லியிருப்பாள். சொல்லடி, நல்லாச் சொல்லு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ. அரிக்கும், மாவுக்கட்டுக்குள் அரித்தால் பைத்தியமே பிடிக்கும், ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்துகொள்ளட்டும். அடுத்த வாரம் நானே எஸ்தரைக் கூட்டிக்கொண்டு கார் எடுத்துப் பெரிய பாலம் வழியாக வருகிறேன், முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டியது, குடையும் கிடையும். சின்னராசு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன், அவர் ஆட்டோவே வரட்டும். கொஞ்சம் பொறுத்தால் போதும், பொழுது சாய்ந்தால் இந்தப் பையன்களும் கலைந்துவிடுவார்கள், பொட்டாட்ட, அசையாமல் உட்கார்ந்திரு துளசி. கண்ணை மூடினாள், இமைக்குள் சிவப்பாக இருந்தது. சிவப்பு கொஞ்ச நேரத்தில் இருண்டு குளிர்ந்தது, மேகம் போலிருக்கிறது என்று நினைத்தாள். மேகம் எங்கே இந்த மாசத்தில்.

கண்ணைத் திறந்தாள். தலைக்கு மேலே மஞ்சள். நவநீதன் பக்கத்தில் நின்று குடையை விரித்து, கையை நீட்டி, அவள் மேல் முழுசாக நிழல் விழும்படி பிடித்துக்கொண்டிருந்தான், அவன் பாதி வெயிலில் நின்றான்.

"ஏனுங்கத்தே குடையை மடக்கிட்டீங்க, மண்டை காயுதுங்களே," என்றான். "நாடா அவுந்து போச்சுங்களா? நான் புடிச்சுக்கறனுங்க."

வேண்டாம், மடக்கு, கை வலிக்கும் உனக்கு என்றாள். வலிக்காதுங்க என்றான். காற்று வரட்டும்னு மடக்கினேன் என்றாள். காற்று எங்கீங்க வீசுது, போன வாரம் வெயிலில் மயங்கி விழுந்த பெரியம்மா கதை தெரியாதா, நீங்க பிரஷருக்கு மாத்திரை முழுங்கற ஆளு என்றான். குடையின் கைப்பிடியை அவள் பிடித்தாள், அவன் விடவில்லை, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அவள் சுவரிலேயே ஓரமாக நகர்ந்து வெயிலுக்குப் போனாள், குடையும் கூடவே வந்தது. இவனை வளர்த்தது நான்தான், இந்தப் பாசத்தை ஊட்டி வளர்த்தது நான்தான் என்று அழுகையாக வந்தது. பாசமாவது கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கக் கூடாதா. உண்மையைச் சொல்லிவிடலாம், டேய் அந்தக் குடையைப் பார்த்து அவன் வருவான்டா, மடக்கு என்று. சொன்னால் மடக்குவானா, தேவராசைத் திரும்பிப் பார்ப்பானா? அத்தை பக்கம் நிற்பானா, கூட்டத்துப் பக்கம் நிற்பானா? இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்தும் அது தெரியவில்லையே. சொல்லாமல் அவன் தோளுக்கு மேலே வாய்க்காலைத் தாண்டிப் பார்த்தாள். தோப்பு ஓரத்தில் ஒரு சிவப்புச் சேலை நின்றது. அதற்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கை. பூலோ குடையைப் பார்த்துவிட்டாள். இத்தனை தூரத்தில் முகம் தெரியவில்லை, ஆனால் தலையில் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு நடக்கத் தொடங்கிய விதத்தில் பயமே இல்லை.

துளசிமணி எழுந்தாள். போன் சுவரிலேயே கிடந்தது, எடுக்கவில்லை. ஷட்டர் மேல் போகிற கான்கிரீட் நடைபாதை ஓர் ஆள் அகலம், ஒரு பக்கம் கம்பி, ஒரு பக்கம் ஒன்றும் கிடையாது, கீழே தண்ணீர். எங்கீங்கத்தே போறீங்க, வழுக்குமுங்க என்று நவநீதன் குடையோடு பின்னால் வந்தான். பேசக் கூடாது, தொடக் கூடாது, வழியை மறிக்கக் கூடாது என்று எஸ்தரின் குரல் கூடவே வந்தது. வழியை மறிக்கத்தான் போகிறேன் எஸ்தர், மறிக்க என்னைத் தவிர இங்கே என்ன இருக்கிறது. நட்ட நடுவில், ஷட்டரைத் திருகுகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். உட்கார்ந்துவிட்டால் இங்கிருந்து அங்கே போக முடியாது, அங்கிருந்து இங்கே வர முடியாது, பாலமும் தன் அகலம்தான். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கினாள். பாதி வரைக்கும் இறங்கினாள், மீதிப் பாதியை முட்டி தாங்கவில்லை, பொத்தென்று விழுந்தது உடம்பு. வலி இடுப்பிலிருந்து பின்கழுத்துக்கு ஓடியது, வாயிலிருந்து ஐயோ என்று ஒன்று அவளைக் கேட்காமலே வெளியே வந்தது. சிமெண்டு சுட்டது. சரி, ஆயிற்று, இனி யாரும் என்னைத் தாண்ட முடியாது என்று நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தாள். பூலோ ஓடி வந்துகொண்டிருந்தாள். அக்கா விழுந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டாள், செருப்பை உதறிவிட்டு, முக்காடு சரிய, அக்கா அக்கா என்று கத்திக்கொண்டு பாலத்தின் அந்த முனையில் ஏறிவிட்டாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏத்வாவும் அவளுக்குப் பின்னால் ஓடி வந்தான். வராதே என்று இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினாள். பூலோ கையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

முன்னால் பூலோ குனிந்து இடது அக்குளில் கை கொடுத்தாள். பின்னாலிருந்து நவநீதன் வலது அக்குளில் கை கொடுத்தான், குடையை அவன் எங்கே விட்டானோ, அது தண்ணீரில் விழுந்து சுழன்றுகொண்டு போனது. ஒரு ஆளால் ஆகாது என்பது அவனுக்குத் தெரியும், எதிரில் குனிந்தவள் யார் என்று பார்க்கக்கூட இல்லை, புடிங்க, நல்லாப் புடிங்க என்று அவளுக்குத் தமிழில் சொன்னான். அவர்கள் இரண்டு பேர் மூச்சும் துளசிமணியின் தலைக்கு மேலே முட்டியது, ஒருவர் மேல் பீடி வாடை, ஒருவர் மேல் நார் வாடை. கரையிலிருந்து தேவராசின் குரல் வந்தது, டேய் அவன்டா, கட்டுக்கையன்டா என்றது. பைக் அருகிலிருந்து ஓடி வருகிற காலடிகள் பாலத்து முனையில் வந்து நின்றன. நவநீதனின் முதுகு வழி முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. தள்ளுடா என்று தேவராசு சொன்னான், இருடா அத்தையைத் தூக்கறேன் என்று நவநீதன் அப்போதுதான் தலையைத் தூக்கினான். பூலோவைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் வெள்ளைக் கட்டைப் பார்த்தான். அவன் விரல்கள் தன் அக்குளில் ஒரு நொடி தளர்ந்ததைத் துளசிமணி உணர்ந்தாள். அந்த விரல்களை உடம்போடு சேர்த்துக் கையால் இடுக்கிக்கொண்டாள்.

"காலை ஊனுங்கத்தே," என்றான் அவன், குரல் மாறியிருந்தது. "ஊனி எந்திரிங்க."

அவள் ஊன்றவில்லை. ஊன்றினால் எழுந்துவிடுவாள், எழுந்தால் அவன் இரண்டு கையும் சும்மா ஆகிவிடும், சும்மா ஆன கை எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள், ஒரு சாண் மேலே வந்து மறுபடியும் சிமெண்டில் இறங்கினாள்.

"இன்னொருக்காத் தூக்கு கண்ணு," என்றாள், உடம்பை இன்னும் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு.